ஏரிக்குள் நடந்தவள்

உப்பிலிபாளையம் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றில் ஜெபராணி குடியிருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள். நல்ல உயரம். பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் அந்த உயரத்தைக் கண்டுவிட்டுக் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருக்கிறார்கள். மூன்றாவதாக வந்த சத்தியசீலன் அவள் காது வரைக்கும்தான் இருந்தான், ஆனாலும் உட்கார்ந்து காபியைக் குடித்தான். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைத் தலைகீழாகக் கோர்க்கிற வேலை அவனுக்கு. எதையும் தலைகீழாகப் பார்த்துப் பழகியவன், அதனால்தான் இவளைப் பிடித்துப்போயிற்று என்று கூட்டாளிகள் கேலி பேசினார்கள்.

முப்பத்தாறாம் வருஷம் சிங்காநல்லூர் ரோட்டில் ஒரு சினிமா ஸ்டூடியோ வந்தது. உடுப்புத் தைக்கவும், நடிகைகளுக்கு உடுத்திவிடவும் ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்றார்கள். ஜெபராணி போகிறேன் என்றதும் சபையில் முணுமுணுப்பு எழுந்தது. கூத்தாடிகள் கூடாரத்தில் கர்த்தருடைய பிள்ளைக்கு என்ன வேலை என்று உபதேசியார் வீட்டம்மா நேரில் வந்தே கேட்டுப் பார்த்தார். சத்தியசீலன்தான் பதில் சொன்னான்.

"அவ துணி தைக்கத்தானுங்க போறா. கூத்தாடறவங்களும் துணி போட்டுக்கிட்டுத்தானுங்க ஆடோணும்."

அப்படித்தான் அவள் சந்திரவதனியிடம் போய்ச் சேர்ந்தாள்.

சந்திரவதனியை அந்தக் காலத்தில் அறியாதவர்கள் இல்லை. கும்பகோணத்துப் பக்கத்துப் பெண். மூன்று படங்கள்தான் வந்திருந்தன. அதற்குள் கோயம்புத்தூர் ஜில்லாவே அவளைப் பார்த்து உடுத்தப் பழகிவிட்டிருந்தது. மாமியார்கள் ரவிக்கையே போடாமல் காடு கழனியில் நடமாடிக்கொண்டிருந்த ஊர்களில், மருமகள்கள் தோளில் கொசுவம் வைத்து முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்த 'சந்திரவதனி கை' வேண்டுமென்று அடம் பிடித்தார்கள். ராஜ வீதித் தையற்கடைகளில் அதற்குத் தனி போர்டே வைத்திருந்தார்கள். ஒரு பக்கமாக வகிடெடுத்துக் காதை மூடிச் சீவுவது, ஒற்றைக் கையில் மட்டும் கண்ணாடி வளையல் அடுக்குவது எல்லாம் அவள் கொண்டு வந்தவை. எல்லாவற்றையும் விட அவள் நடை. நாலைந்து அடி வைப்பாள், லேசாக நிற்பாள், இடது கையால் பின்கழுத்தைத் தொட்டுக்கொள்வாள், பிறகு நடப்பாள். அந்தத் தயக்கத்தில் எத்தனையோ சொல்லப்படாதது இருப்பதாக ஜனங்கள் நினைத்தார்கள். கிணற்றடியில் குடத்தை இடுப்பில் வைத்த பெண்கள்கூட நாலைந்து அடிக்கு ஒருதரம் நின்று கழுத்தைத் தொட்டுக்கொண்டார்கள்.

"சவுரிமுடியில குத்தற ஊசி சதையில ஏறிடறது ஜெபராணி," என்று ஒருநாள் சந்திரவதனியே சிரித்துக்கொண்டு சொன்னாள். "முதல் படத்துல வலி தாங்காமத் தொட்டேன். டைரக்டர் கைதட்டிட்டார். இப்போ ஊசியே இல்லேன்னாலும் கை தானாப் போறது."

ஜெபராணி அவளைவிட இரண்டு வயது இளையவள். இருவரும் ஒரே உயரம், ஒரே தோள் அகலம். சந்திரவதனிக்குத் தைத்த ரவிக்கையை ஜெபராணி தன் உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் சரி செய்வாள். உடுத்திவிட்டபின் பின்னாலேயே போய், காமிரா வெளிச்சத்தின் ஓரம் வரைக்கும் தலைப்பைத் தாங்கிப் பிடித்துவிட்டு விலகிக்கொள்வாள். ஆகவே மற்றவர்களெல்லாம் முகத்தைப் பார்த்த அந்தப் பெண்ணை, ஜெபராணி நாள் முழுக்கப் பின்னாலிருந்தே பார்த்தாள்.

நாலாவது படத்தின் கடைசிக் காட்சிக்கு முன்னால் சந்திரவதனிக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு டைபாய்டு என்றார்கள். ஆர்.எஸ்.புரத்தில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் அவள் தாயார் ரங்கம்மாள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெபராணி இரண்டு முறை போய்ப் பார்த்தாள். இரண்டாம் முறை போனபோது தலைமுடியை வெட்டிவிட்டிருந்தார்கள். சந்திரவதனி அவளை அடையாளம் கண்டுகொண்டாளா என்று தெரியவில்லை. "தலைப்பு தரையில இழையறது, பிடிச்சுக்கோ," என்று மட்டும் சொன்னாள். உடம்பில் ஒரு போர்வைதான் இருந்தது. ஜெபராணி அந்தப் போர்வையின் நுனியைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சந்திரவதனி போய்விட்டாள்.

பழி சுமந்த ராணி ஒருத்தி, அரண்மனையை விட்டு வெளியேறி ஏரிக்குள் நடந்து போய் மறைவதுதான் படத்தின் முடிவு. அது எடுக்காமல் மிச்சம் கிடந்தது. டைரக்டர் சுந்தரராஜுலு கருமாதி முடியும் வரை பேசாமல் இருந்தார். பிறகு ஜெபராணியைக் கூப்பிட்டு அனுப்பினார். பட்டணத்திலிருந்து வந்த மனுஷர், யாரையும் அதட்டி அறியாதவர். அன்று அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"நீ கொஞ்சம் நடந்து காட்டணும்மா. முகம் வேண்டாம். பின்பக்கம்தான்."

"நானுங்களா? ஐயோ, செத்தவங்க வேஷத்த நான் எப்படிங்க போடறது?"

"ஜனங்க அவ முகத்தை மனசுல வச்சுக்கிட்டுத்தான் வந்து உக்காருவாங்க. நாம முதுகைக் காட்டினாப் போதும். முகத்தை அவங்களே போட்டுக்குவாங்க."

படம் நின்றால் ஸ்டூடியோவே நின்றுவிடும், நூறு குடும்பம் தெருவுக்கு வரும் என்றார்கள். சத்தியசீலனிடம் கேட்டபோது அவன், "அந்தம்மாவோட கடைசி வேலை அரைகுறையா நிக்க வேண்டாம், செஞ்சுபோட்டு வந்துரு," என்றான். வெளியே ஒருவரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

சிங்காநல்லூர் ஏரிக்கரையில் விடிகாலை வெளிச்சத்தில் அது நடந்தது. வெள்ளைப் புடவை சந்திரவதனி உடுத்தி ஒத்திகை பார்த்து வைத்தது. துவைக்காமல் மடித்து வைத்திருந்தார்கள். பிரித்ததும் அவள் தலையில் தேய்க்கும் எண்ணெயின் மணம் குப்பென்று வந்தது. சவுரியும் அவளுடையதுதான். மேக்கப்காரர் அதை ஊசி குத்தி வைத்தார். எந்நேரமும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் லைட்டுக்காரர்கள் அன்று ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் யாருக்கும் தெரியாமல் கை கூப்பியதை ஜெபராணி பார்த்துவிட்டாள். தன்னைக் கும்பிடுகிறார் என்று தோன்றியதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரையில் நின்றாள். பின்னால் காமிராவுக்குப் பக்கத்திலிருந்து சுந்தரராஜுலு, நாலு படத்துப் பழக்கத்தில், தன்னை மறந்து குரல் கொடுத்தார்.

"சந்திரா, ரெடியா?"

எல்லோரும் விறைத்துப் போனார்கள். ஜெபராணிக்கு மட்டும் அது தப்பாகவே படவில்லை.

"ரெடிங்க," என்றாள்.

நடந்தாள். சந்திரவதனியைப் போல நடக்க வேண்டும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நாலைந்து அடி, ஒரு தயக்கம், கை தானாகப் பின்கழுத்துக்குப் போயிற்று, மறுபடியும் நடை. தண்ணீர் கணுக்காலில் ஏறியது, முழங்காலில் ஏறியது, இடுப்பைச் சுற்றிப் புடவை குடைபோல் விரிந்து பிறகு நனைந்து அமிழ்ந்தது. நீர்க்கோழிகள் படபடத்து ஓடின. மார்பளவு வந்ததும் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவள் நிற்கவில்லை. கழுத்தளவில் யாரோ ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார்கள். "ஏம்மா, கட் சொன்னது காதுல விழலியா?" என்றார்கள். விழவில்லை. முன்னால் யாரோ போய்க்கொண்டிருந்ததாகவும், அவர்களுடைய தலைப்பைப் பிடிக்கத்தான் தான் போனதாகவும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

படம் அடுத்த தைப் பொங்கலுக்கு வந்தது. நோட்டீஸ் அடிக்கும் வேலை சத்தியசீலன் இருந்த அச்சுக்கூடத்துக்கே வந்தது. 'மறைந்த தாரகையின் கடைசி நடை! காணத் தவறாதீர்!' என்று அவனே பெரிய எழுத்தாகப் பொறுக்கிக் கோர்த்தான். படம் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. உடல் நலமில்லாத நிலையிலும் எழுந்து வந்து ஏரியில் இறங்கி நடித்துக் கொடுத்தாள், அந்தக் குளிர்தான் அவளைக் கொண்டுபோயிற்று என்று ஒரு கதை தானாகப் பிறந்தது. ஸ்டூடியோ அதை மறுக்கவில்லை. சூலூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசிக் காட்சியில் பெண்கள் பகுதியிலிருந்து எழும் அழுகை வெளியே சோடாக் கடை வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

ஜெபராணி அந்தப் படத்துக்குப் போகவில்லை. ஸ்டூடியோ வேலையையும் விட்டுவிட்டு வீட்டிலேயே தைக்கத் தொடங்கினாள். வந்தவர்களெல்லாம் அந்தக் கை வைத்த ரவிக்கையைத்தான் கேட்டார்கள். "அந்தம்மா கடைசியா நடந்தாங்களே, அதுல போட்டிருந்தாங்களே, அதே மாதிரிங்க," என்பார்கள். ஜெபராணி தலையைக் குனிந்து அளவெடுப்பாள். ஒரு சாயங்காலம் அவள் கிணற்றடியிலிருந்து உள்ளே வரும்போது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த சத்தியசீலன் தலை நிமிராமலே, "யாருங்க அது?" என்று கேட்டான்.

"நாந்தானுங்க. ஏன்?"

"இல்ல, காலடிச் சத்தம் வேற யாரோ மாதிரி இருந்துச்சு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் நூல்கண்டும் லேசும் வாங்க ஒப்பணக்கார வீதிக்குப் போயிருந்தாள். நல்ல வெயில். கடை வாசலைத் தாண்டிக் கூட்டத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"சந்திரா!"

அவள் நின்றாள்.

நின்ற பிறகுதான் தான் நின்றது உறைத்தது. திரும்பினால் ரங்கம்மாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு, பத்தடி தூரத்தில், இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள். ஜெபராணியின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கைகள் மெல்லத் தாழ்ந்தன. வேறு யாராக இருந்தாலும் ஆள் மாறிப்போயிற்று என்று போயிருப்பார்கள். ரங்கம்மாள் போகவில்லை.

"நீ ஏம்மா நின்னே? அது உன் பேர் இல்லையே."

ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தினம் மத்தியானம் கொட்டகைக்குப் போறேன். கடைசி ரீலுக்கு மட்டும் வாசல்காரன் என்னைச் சும்மா உள்ளே விடறான். மத்த இடத்துல எல்லாம் அவ நடிக்கறா. ஜுரத்துக்கு முன்னாடி எடுத்த அந்த ஏரிக் காட்சியிலதான் என் பொண்ணு நடக்கறான்னு நினைச்சேன்." ரங்கம்மாள் கிட்டே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது நீதானே?"

ஜெபராணி செய்து கொடுத்திருந்த சத்தியம் நாக்கைக் கட்டியது. ஆனால் கண்ணீரைக் கட்டவில்லை. ரங்கம்மாளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவள் கோபிப்பாள், நடுவீதியில் சபிப்பாள் என்று ஜெபராணி எதிர்பார்த்தாள். அவளோ தணிந்த குரலில், "வீட்டுக்கு வா," என்றாள்.

ஆர்.எஸ்.புரத்து வீட்டில் எதுவும் இடம் மாறவில்லை. கண்ணாடி முன்னால் சீப்பும் எண்ணெய்க் கிண்ணமும் அப்படியே இருந்தன. ரங்கம்மாள் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இங்கேயிருந்து கிணத்தடி வரைக்கும். ஒரே ஒரு தடவை நட, அம்மா. நான் பார்த்துக்கறேன்."

இந்தக் கிழவிக்குத் தான் ஒரு ஏமாற்று வேலை செய்துவிட்டோம், இதையாவது செய்யக்கூடாதா என்று ஜெபராணி நினைத்தாள். நடந்தாள். கிணற்றடியில் போய்த் திரும்பப் போனபோது பின்னாலிருந்து அவசரமாகக் குரல் வந்தது.

"திரும்பாதே! அப்படியே பின்கதவு வழியாப் போயிடு. அடுத்த சனிக்கிழமை வா."

அவள் திரும்பாமல் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும். போகப்போக ரங்கம்மாள் அலமாரியிலிருந்து புடவை எடுத்து வைக்கத் தொடங்கினாள். பின்பு சவுரியும் வந்தது. பின்பு கிணற்றுத் திட்டில் ஒரு டம்ளர் காபி. ஜெபராணி சுவரைப் பார்த்து நின்றபடி அதைக் குடிப்பாள். கூடத்திலிருந்து ரங்கம்மாள் ஊர்ச் சமாச்சாரம் சொல்லிக்கொண்டிருப்பாள். மாமா வந்துபோனது, தென்னை காய்த்தது, கொலு பொம்மைக்கு வண்ணம் பூச வேண்டியது. பதில் எதிர்பார்க்க மாட்டாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்கக் கேட்க, ஜெபராணிக்குத் தன் தாயைச் சின்ன வயதில் இழந்தது நினைவுக்கு வரும். யாரோ ஒருத்தி தன்னை மகளாக நினைத்துப் பேசுவது சுகமாகத்தான் இருந்தது. சனிக்கிழமைக்காக அவள் காத்திருக்கத் தொடங்கினாள்.

தைக்கும்போது ஊசி நிற்கும், கை கழுத்துக்குப் போகும். ஞாயிறு ஆராதனைக்குப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனால் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூப்பிட்டால் இரண்டாம் தடவைக்குத்தான் திரும்பினாள். சாப்பாட்டில் உப்பு குறைத்துப் போட்டாள். சந்திரவதனிக்கு உப்பு ஆகாது.

சத்தியசீலன் நடையைக் கவனித்தான், உப்பையும் கவனித்தான். சனிக்கிழமைகளையும் கவனித்தான். ஒரு சனிக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனான். முன்வாசல் வழியாக உள்ளே போனவள் வெளியே வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு வந்து, வேப்பமரத்தடியில் நின்றான்.

பின்கதவு திறந்தது. இறந்துபோனவளின் புடவையில், இறந்துபோனவளின் கூந்தலோடு அவன் மனைவி வெளியே வந்தாள். அன்றைக்கு எப்படியோ உடுப்பை மாற்றிக்கொள்ளவே மறந்திருந்தாள். அவனுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவனைப் பார்த்தபடியே வந்து, அவனைக் கடந்து போனாள்.

"ஜெபராணி."

அவள் நிற்கவில்லை.

"ஏம்புள்ள ஜெபராணி! எங்க போற?"

நாலைந்து அடி, தயக்கம், கழுத்தில் கை. சந்துமுனையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள். முப்பது வயது ஆண்பிள்ளை, பட்டப்பகலில், நடுத்தெருவில் பயந்துபோனான். ஓடிப்போய் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பினான். அவள் அவனை யாரோ அந்நியரைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தாள். பிறகு ஏரியிலிருந்து கரையேறியவள் போல், நனையாத தலைப்பைப் பிழிந்தாள்.

"நீங்களா... நீங்க எப்பங்க வந்தீங்க?"

"உன்னை ரெண்டு தடவ கூப்பிட்டேன் கண்ணு."

"என்னையக் கூப்பிடலீங்களே," என்றாள் அவள். "யாரையோ கூப்பிட்டாங்கன்னு நெனச்சேன்."

அவன் சபையிடம் போகவில்லை, சர்ச்சு ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஜட்கா வண்டி வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்து, சவுரியில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எடுத்தான். சின்ன எழுத்துகளைப் பொறுக்கிப் பழகிய விரல்கள். ஒன்றுகூட வலிக்கவில்லை. "போகாதேன்னு நான் சொல்லல. ஆனா நீ எனக்குத் திரும்ப வேணும்," என்று மட்டும் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை ஜெபராணி தன்னுடைய நூல் புடவையை உடுத்திக்கொண்டு, புடவையையும் சவுரியையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாள். கூடத்து வாசற்படியில் ரங்கம்மாள் கிணற்றுப் பக்கம் பார்த்துக் காத்திருந்தாள். ஜெபராணி அவளுக்கும் கிணற்றுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள், முகத்தை நேராகக் காட்டி.

"நான் ஜெபராணிங்கம்மா. என் முகத்தப் பாருங்க."

ரங்கம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெபராணியும் நகர்ந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கிழவிக்கு ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று. நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தாள். மூக்கு, தாடை, நெற்றியில் பொட்டில்லாத வெறுமை.

"அப்போ இனிமே அவ வரமாட்டாளா?"

"வரமாட்டாங்கம்மா."

மகளின் பிணம் எடுத்தபோதுகூட அழாதவள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். அன்று அழுதாள். வாயில் தலைப்பைத் திணித்துக்கொண்டு, தரையில் சாய்ந்து, குழந்தைபோல் அழுதாள். ஜெபராணி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை அடங்கிய பிறகு ரங்கம்மாள், யாரிடமோ போலச் சொன்னாள்.

"அந்த நடை அவளோடதுமில்லேம்மா. என் தங்கை ஒருத்தி இருந்தா. இருபது வயசுல காலராவுல போயிட்டா. அப்படித்தான் நாலடிக்கு ஒருதரம் நிப்பா, யாரோ கூப்பிட்ட மாதிரி. சந்திரா குழந்தையா இருந்தப்போ அவ பின்னாலயேதான் சுத்துவா. அவ போனப்புறம் ஒருநாள் இவ முற்றத்துல அப்படி நடந்தா. நான் அரிசி முறத்தைக் கீழே போட்டுட்டேன்."

ஊசி குத்தியதால் வந்தது என்றல்லவா சந்திரவதனி சொன்னாள்? ஜெபராணி அதைக் கேட்கவில்லை. சந்திரவதனிக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம், ஒருவர் பின்னால் ஒருவராகப் போகும் பெண்களின் வரிசை ஒன்று கண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. முதலில் போகிறவள் யாரென்று தெரியவில்லை.

சித்திரை பிறப்பதற்குள் ரங்கம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு கும்பகோணம் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை. அந்தப் பக்கம் போன சத்தியசீலன்தான் ஜன்னல்கள் சாத்தியிருப்பதைப் பார்த்து வந்து சொன்னான். சுந்தரராஜுலு ஒருமுறை வீடு தேடி வந்தார். பழைய படங்களிலிருந்து சந்திரவதனியின் முகத்தை வெட்டி எடுத்து, மற்றதையெல்லாம் பின்பக்கமாகவே எடுத்து ஒரு புதுப்படம் செய்துவிடலாம் என்று அவருக்கு யோசனை. ஜனங்கள் இன்னமும் அவளைக் கேட்கிறார்கள் என்றார்.

"அவங்களை விட்டுருங்க, சார்," என்றாள் ஜெபராணி. "அவங்க போய்ச் சேரட்டும்."

அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

நாட்கள் ஓடின. ஜெபராணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கூப்பிட்ட முதல் குரலுக்கே திரும்பத் தொடங்கினாள். குழம்பில் உப்பு சரியாக விழுந்தது. சிங்காநல்லூர் பக்கம் மட்டும் போகவே மாட்டாள்.

முப்பத்தொன்பதில் பொள்ளாச்சியில் சத்தியசீலனின் அக்கா மகளுக்குக் கல்யாணம். முடிந்த மறுநாள் சந்தை நாள். மாட்டு வண்டிகளும் தூசியுமாக ஊர் இரைந்துகொண்டிருந்தது. சந்தைக்கு வந்த கூட்டத்துக்காக, தகரக் கொட்டகை ஒன்றில் கதவுக்குக் கறுப்புத் துணி தொங்கவிட்டுப் பகல் ஆட்டம் ஓட்டினார்கள். வாசலில் அந்தப் பழைய நோட்டீஸ்தான். சத்தியசீலன் கோர்த்த வாசகத்தையே வேறு யாரோ மறுபடி அடித்திருந்தார்கள். இரண்டு வருஷமாகியும் பெண்கள் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஜெபராணி குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்தாள்.

"ஏனுங்க, பார்த்துப்போட்டு வந்துரலாங்களா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "செரி, வா," என்றான். ஆண்கள் பக்கம் அவனும், பெண்கள் பக்கம் அவளுமாக உட்கார்ந்தார்கள்.

படம் பல இடங்களில் கீறல் விழுந்து, மழை பெய்வது போல ஓடியது. சந்திரவதனி சிரித்தாள், கோபித்தாள், பாடினாள். அவள் போட்டிருந்த ஒவ்வொரு ரவிக்கையிலும் ஜெபராணி தன் தையலைக் கண்டாள். ஏரிக்காட்சி வந்தது. பிடில் ஓசை மட்டும் கேட்டது. வெள்ளைப் புடவைக்காரி கரையில் நின்றாள். இதோ என் தோள், இதோ என் கை என்று கண்டுபிடிக்க ஜெபராணி கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீருக்குள் போகிறவள் சந்திரவதனியாகவே இருந்தாள். பக்கத்தில் இருந்த சந்தைக்காரப் பெண்கள் விம்மினார்கள். அவர்களோடு சேர்ந்து அவளும், கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கோயம்புத்தூர் பஸ்ஸில் கூட்டம் அதிகம். குழந்தை மடியில் தூங்கியது. கிணத்துக்கடவு தாண்டியபிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"அது நான் இல்லீங்க. நல்லாப் பார்த்தேன். அவங்களேதான்."

சத்தியசீலன் குழந்தையின் காலைப் போர்த்திவிட்டான்.

"நான் இதுக்கு முன்னாடி மூணு தடவ பார்த்திருக்கேன், உன்கிட்டச் சொல்லாம," என்றான். "எனக்கு ஒவ்வொரு தடவையும் நீதான் தெரிஞ்ச. தண்ணி கழுத்துக்கு வரும்போது பெஞ்சை விட்டு எந்திரிச்சுருவேன். பின்னால இருக்கறவங்க சத்தம் போடுவாங்க."

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படீன்னா கடைசில அவங்க திரும்பிப் பார்க்கறப்போ உங்களுக்கு யார் முகமுங்க தெரிஞ்சுது?"

"திரும்பிப் பார்க்கறாங்களா?"

"ஆமாங்க. தண்ணிக்குள்ள போய், மூழ்கறதுக்கு முன்னால. இன்னைக்குக்கூடத் திரும்பினாங்களே. நேரா என்னையத்தான் பார்த்தாங்க."

அந்தக் காட்சியில் யாரும் திரும்புவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். பிடில் நிற்கும், தண்ணீர் மட்டும் அசையும், படம் முடிந்துவிடும். அவன் அதைச் சொல்லவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. ஜெபராணி அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள்.

"கோவமா இருந்தாங்களா?" என்று கேட்டான் அவன்.

"இல்லீங்க," என்றாள் அவள். "வழி தெரியாதவங்க மாதிரி இருந்தாங்க."